அப்பாவின் கொழுப்பும் அம்மாவின் விளக்கெண்ணெயும்

எங்கள் வீட்டில் போன ஐப்பசியோடு முட்டை நின்றுபோனது. அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 243 என்று வந்திருந்தது. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. புகையான் பூச்சி விழுந்த வயலைப் பார்த்தே கலங்காத மனிதர் அந்த அம்புக்குறிக்குக் கலங்கிவிட்டார். முட்டை போச்சு, நெய் போச்சு, ஞாயிற்றுக்கிழமைக் கறி போச்சு. அம்மா தாளிக்கும்போது எத்தனை கரண்டி எண்ணெய் என்று எட்டிப் பார்க்கிற புதுப் பழக்கம் வேறு.

இத்தனைக்கும் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, “முட்டை வாரத்துக்கு மூணு போதும்” என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த மூன்றையும் வெட்டியது அப்பாவே.

மார்கழியில் ஊருக்குப் போனேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடைக்கும் கடைமடை எங்கள் ஊர். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

“இஞ்ச வா பாப்பா. நீ இதத்தானே படிச்ச? ஒடம்புல இருக்கற கொழுப்ப சுத்தமா வழிச்சு எடுக்க ஒண்ணும் கண்டுபுடிக்கலயா?”

நான் படித்தது இதைத்தான். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் கொலஸ்ட்ரால் என்ன வேலை செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஊரில் யாராவது கேட்டால் “கொழுப்பு பத்தி” என்று சொல்லி நழுவிவிடுவேன். அந்தச் சோம்பேறித்தனம் இப்படித் திரும்பி வந்தது.

“சுத்தமா எடுத்தா ஆளு இருக்கமாட்டீங்கப்பா” என்றேன்.

“ஏண்டி, வந்ததும் வராததுமா” என்று உள்ளேயிருந்து அம்மா அதட்டினார்.

கொலஸ்ட்ராலைக் கொழுப்பு என்று மொழிபெயர்த்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தமிழில் கொழுப்புக்கு ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர் உண்டு. எதிர்த்துப் பேசினால் கொழுப்பு, சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் கொழுப்பு. அந்தச் சொல்லைக் கொண்டுபோய் இதன் தலையில் கட்டிவிட்டோம். உண்மையில் கொழுப்பு என்பது உடம்பு சேமித்து வைத்து எரித்துக்கொள்கிற எரிபொருள். பத்தாயத்து நெல் மாதிரி. கொலஸ்ட்ராலை உடம்பால் எரிக்கவே முடியாது. அதன் வளையங்களை உடைக்கும் வழி நம்மிடம் இல்லை. பித்த அமிலமாக மாற்றியோ, அப்படியே பித்தநீரில் கலந்தோ வெளியே தள்ளுவதுதான் முக்கிய வழி. 1815-ஐ ஒட்டி, பிரான்சின் மிஷெல் செவ்ரெல் பித்தப்பைக் கல்லிலிருந்து எடுத்த பொருளுக்குத்தான் இந்தப் பெயரை வைத்தார். கிரேக்கத்தில் பித்தம், கெட்டி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. அது ஒரு ஆல்கஹால் என்பதை 1859-இல் பெர்த்தலோ காட்டினார்.

“அப்ப இது சாராயமா?” என்றார் அப்பா, கொஞ்சம் சுவாரசியமாக.

மெழுகு மாதிரி வெள்ளையாக, தண்ணீரில் கரையாமல் கிடக்கும் சாராயம். 27 கார்பன், 46 ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்சிஜன். அந்த ஒற்றை ஆக்சிஜன் இருக்கும் முனைதான் இதைச் சாராய இனத்தில் சேர்க்கிறது. பிற்பாடு வரப்போகிற எல்லாக் கதையும் அந்த முனையில்தான் தொங்குகிறது.

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் புட்டி திண்ணைக்கு வந்துவிடும். விடியற்காலையில் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்திருக்கும். எட்டு மணி வெயில் பட்டால் முதலில் ஓரம் கண்ணாடியாகும், பிறகு நடுவில் ஒரு வெள்ளைத் தீவு மட்டும் மிதக்கும், ஒன்பதுக்குள் அதுவும் காணாமல்போகும். தேங்காய் எண்ணெய் உருகும் சூடு 24 டிகிரியை ஒட்டி. அதே அலமாரியில் அதற்குப் பக்கத்தில் இருக்கிற நல்லெண்ணெய் எந்த மார்கழியிலும் உறைந்து நான் பார்த்ததில்லை.

வித்தியாசம் வாலில் இருக்கிறது. எண்ணெய் மூலக்கூறுகளுக்கு நீளமான கார்பன் வால்கள் உண்டு. தேங்காய் எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நேரானவை. கட்டு கட்டிய வைக்கோல் மாதிரி நெருக்கி அடுக்கலாம். நல்லெண்ணெயின் வால்கள் நடுவில் ஒடிந்து வளைந்தவை. வளைந்த குச்சிகளைக் கட்டாகக் கட்டிப் பாருங்கள், கட்டு நிற்காது.

அம்மாவிடம் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. மார்கழிக்கு முன்பே தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுக் குலுக்கி வைத்துவிடுவார். உறைவது தள்ளிப்போகும். விளக்கெண்ணெயின் வாலில் வளைவும் இருக்கிறது, நடுவே துருத்திக்கொண்டு ஒரு முடிச்சும் இருக்கிறது. நேர்க்குச்சிக் கட்டுக்குள் இரண்டு கோணல் குச்சி செருகியது போல, அடுக்கைக் கெடுக்கும். அடுக்கு கெட்டால் உறைவது கஷ்டம்.

அம்மாவின் விளக்கெண்ணெய் செய்வதைத்தான் கொலஸ்ட்ராலும் சவ்வுக்குச் செய்கிறது. ஆனால் அது பாதி வேலை. மறுபாதிதான் என்னை ஆறு வருடம் கட்டிப்போட்டது.

செல்லின் சவ்வு, தலையும் இரண்டு வாலும் கொண்ட பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளால் ஆனது. தலைக்குத் தண்ணீர் வேண்டும், வாலுக்குத் தண்ணீரே ஆகாது. அதனால் வாலோடு வால் பார்த்து, தலைகளை வெளியே நீட்டி, இரண்டு அடுக்காக நின்றுகொள்கின்றன. தடிமன் நாலைந்து நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு லட்சம் சவ்வை அடுக்கலாம். இது இரண்டு அடுக்கு என்பதை 1925-இல் நெதர்லாந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும் கண்டுபிடித்தது ஒரு வேடிக்கை. ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிடை, அதாவது சவ்வின் கொழுப்பு இனப் பொருளை, பிரித்து எடுத்து, தண்ணீர்மேல் ஒரே அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. பின்னால் பார்த்தால் அவர்கள் லிப்பிடை முழுசாகப் பிரித்தெடுக்கவும் இல்லை, அணுவின் பரப்பைச் சரியாகக் கணக்கிடவும் இல்லை. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாக வந்துவிட்டது. பரீட்சையில் எனக்கு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

சவ்விலும் அதே தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்க் கதை உண்டு. பதினாறு கார்பன் கொண்ட நேர் வால்கள் இரண்டு உள்ள பாஸ்போலிப்பிடின் பெயர் டிபிபிசி. நம் நுரையீரலின் உள்பூச்சில் இதுதான் முக்கியம். தண்ணீரில் சவ்வாக நிற்கும்போது அது 41 டிகிரியில் உருகும். அதற்குக் கீழே களி மாதிரிக் கெட்டி. வளைந்த வால் இரண்டு உள்ள டிஓபிசி என்பதோ பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினேழு டிகிரி வரை உறையாது. நம் உடம்பின் சூடு 37. முழுக்க டிபிபிசியால் சவ்வு செய்தால் நாம் உறைந்த எண்ணெய்ப் புட்டி. சவ்வில் செருகியிருக்கும் புரதங்கள் சேற்றில் சிக்கிய டிராக்டர் மாதிரி நின்றுவிடும். முழுக்க டிஓபிசியால் செய்தால் நண்டுவளை விழுந்த வரப்பு. உள்ளே இருப்பது கசியும். செல்லுக்கு இரண்டும் வேண்டாம். ஓடவும் வேண்டும், ஒழுகவும் கூடாது.

இங்கேதான் கொலஸ்ட்ரால் வந்து உட்காருகிறது. ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வளையங்கள், பலகை மாதிரித் தட்டையாக, வளையாமல். ஒரு பக்கம் இழைத்த பலகை போல வழவழப்பு. மறுபக்கம் இரண்டு முண்டு. கீழே ஆடுகிற குட்டி வால். மேலே அந்த ஒற்றை ஆக்சிஜன் முனை. தண்ணீரை விரும்புவது அது ஒன்றுதான் என்பதால், பாஸ்போலிப்பிட் தலைகளுக்குச் சற்றுக் கீழே ஒண்டிக்கொள்ளும். பலகை, பக்கத்து வால்களின் மேல்பாதியோடு ஒட்டி நிற்கும்.

இப்போது பக்கத்து ஆள் யார் என்பதைப் பொறுத்து நடப்பது மாறுகிறது. உருகிய நிலையில் ஆடிக்கொண்டிருக்கும் வால், விறைப்பான பலகையோடு ஒட்டி நிற்க வேண்டி வந்தால் அதுவும் நிமிர்ந்துவிடுகிறது. சவ்வு நெருங்கும், தடிமன் கொஞ்சம் கூடும், தண்ணீரும் குளுக்கோஸும் கசிவது குறையும், வளைப்பது கடினமாகும். உறைந்த நிலையில் கட்டுக் கட்டாக நிற்கும் வால்களுக்கு நடுவிலோ அதே பலகை ஒரு இடைஞ்சல். முண்டும் வளையமும் அந்த அடுக்கில் பொருந்தாது. அடுக்கு கலையும், உறைதல் தளரும். தளர்ந்ததை இறுக்கும், இறுகியதைத் தளர்த்தும். அம்மாவின் விளக்கெண்ணெய்க்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும்.

டிபிபிசியை, உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கலோரிமானியில் வைத்துச் சூடாக்கினால் 41-இல் ஊசி மாதிரி ஒரு சிகரம் எழும். கொலஸ்ட்ராலைச் சேர்க்கச் சேர்க்க ஊசி மழுங்கி, அகன்று, பாதிக்குப் பாதியை நெருங்கும்போது தாளில் வெறும் கோடுதான். டென்னிஸ் சாப்மன் குழுவினர் 1968-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். நான் முதல் தடவை அந்த வெறுங்கோட்டைப் பார்த்தபோது இயந்திரம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். உருகவேண்டிய பொருள் உருகும் இடமே இல்லாமல் போவதை நம்ப மனசு வரவில்லை.

அந்த நிலைக்கு 1987-இல் இப்சன், மொரிட்சன், சுக்கர்மன் உள்ளிட்டோர் ஒரு பெயர் கொடுத்தார்கள். தமிழில் ஒழுங்கான திரவம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு இதை இப்படிச் சொன்னேன். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை அட்டி போட்டிருக்கிறார்களே, ஒழுங்கு உண்டு, அசைவு இல்லை, அது உறைந்த சவ்வு. தீபாவளிக்கு முதல்நாள் திருத்துறைப்பூண்டி கடைத்தெரு, அசைவு உண்டு, ஒழுங்கு இல்லை, அது உருகிய சவ்வு. திருவாரூர் ஆழித்தேர் வடத்தைப் பிடித்திருக்கிற கூட்டம்? தோளோடு தோள், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிமிர்ந்து, ஆனால் நகர்ந்துகொண்டே. உவமை கொஞ்சம் நொண்டும். வடம் பிடிக்கிறவர்கள் இடம் மாற்றிக்கொள்வதில்லை. சவ்வில் ஒரு நொடிக்குள் பல லட்சம் தடவை பக்கத்து ஆளோடு இடம் மாறிக்கொள்கின்றன. ஆனாலும் அப்பாவுக்குத் தேர் புரிந்தது.

“அப்ப இது வடமா, முட்டுக்கட்டையா?” என்றார். ஓடுகிற தேரை நிறுத்தவும், தெருமுனையில் திருப்பவும் அதே கட்டையைத்தான் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பார்கள். நானே யோசிக்காத உவமை. அதையே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுவை அளந்த அதே 1925-இல், லீத்ஸ் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் தண்ணீர்மேல் லிப்பிடும் கொலஸ்ட்ராலும் கலந்த படலத்தை அளந்தார். தனித்தனியாகப் பிடிக்கும் இடத்தைக் கூட்டினால் வருகிற அளவுக்குக் கலவை வரவில்லை, குறைந்தது. ஒரு மரக்கால் நெல்லையும் ஒரு மரக்கால் எள்ளையும் கலந்தால் இரண்டு மரக்கால் வராது, எள் இடுக்கில் இறங்கிவிடும், அது போலத்தான் என்று முதலில் நானும் நினைத்தேன். பாடப்புத்தகங்கள் சிலவும் அப்படியே சொல்லிவிட்டுப் போகின்றன. அந்த உவமை பாதிதான் சரி. எள்ளுக்காக நெல் தன் உருவத்தை மாற்றிக்கொள்வதில்லை. இங்கே பாஸ்போலிப்பிட் மாற்றிக்கொள்கிறது. வால் நிமிர்வதால் அதுவே ஒல்லியாகிறது. உருகிய டிபிபிசி ஒன்று பிடிக்கும் இடம் 0.63 சதுர நானோமீட்டர் அளவு, உறைந்தால் 0.48. கொலஸ்ட்ராலுக்குப் பக்கத்தில் நின்றால், உறையாமலேயே அந்த ஒல்லி உடம்புக்கு வந்துவிடுகிறது.

இந்த அளவீட்டை நானும் செய்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு டெஃப்லான் தொட்டி. விளிம்பு வரை சுத்தமான தண்ணீர். குளோரோஃபார்மில் கரைத்த லிப்பிடை நுண்ணூசியால் துளித்துளியாகத் தண்ணீர்மேல் தொட்டு வைக்க வேண்டும். குளோரோஃபார்ம் ஆவியாகிப் போனதும் கண்ணுக்கே தெரியாத ஒற்றை மூலக்கூறுப் படலம் மிச்சம். பிறகு ஒரு தடுப்பு நத்தை வேகத்தில் அதை நெருக்கும். முதல் ஒரு வாரம் என் அளவு எதுவுமே சரியாக வரவில்லை. தண்ணீரை மாற்றினேன், தொட்டியைக் கழுவினேன், லிப்பிடை விற்றவனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் தப்பு என் தலையில். காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னி, நெற்றியில் விழுந்த முடியை அடிக்கடி ஒதுக்கிவிட்டு, அதே விரலால் தொட்டி விளிம்பைத் தொட்டிருக்கிறேன். ஒரு விரல் ரேகை எண்ணெய் போதும், ஒற்றை மூலக்கூறுக் கணக்கு முழுவதும் நாசம். அதற்குப் பிறகு ஆய்வகத்துக்குப் போகும் நாட்களில் தலைக்கு எண்ணெய் வைத்ததில்லை. அம்மாவுக்கு அது இன்றைக்கும் குறை.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சுத்தமாக எடுத்தால் என்ன ஆகும்? எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு வெள்ளைப் பொடி உண்டு. ஏழு சர்க்கரை வளையங்கள் சேர்ந்த ஒரு குட்டி உரல் மாதிரி. உரலின் குழிக்குள் கொலஸ்ட்ரால் சௌகரியமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிப்பக்கம் தண்ணீரில் கரையும். கழுவிய சிவப்பணுக்களோடு இதைக் கலந்தால் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவிக்கொண்டு வந்துவிடும். சிவப்பணுச் சவ்வில் பத்து பாஸ்போலிப்பிடுக்கு எட்டு ஒன்பது கொலஸ்ட்ரால் இருக்கும், அதில் கொஞ்சத்தை மட்டும் எடுப்பது என் திட்டம். புள்ளியை ஒரு இடம் தள்ளி வைத்துவிட்டேன். பத்து மடங்கு அடர்த்தி. 37 டிகிரியில் வைத்து, சுழற்றி எடுத்தேன். அணுக்கள் அடியில் சிவப்பு வில்லையாகப் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். குழாய் முழுக்க ரோஸ்மில்க் நிறத்தைத் தாண்டி, நாவல்பழத்தைக் கழுவிய தண்ணீர் மாதிரி சிவந்து நின்றது. அடியில் வில்லையே இல்லை. சவ்வுகள் கிழிந்து ஹீமோகுளோபின் மொத்தமும் வெளியே கொட்டிவிட்டது. என் ஆசிரியர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கொலஸ்ட்ரால் எதுக்குன்னு இனிமே யாரும் உனக்குச் சொல்லத் தேவையில்ல” என்றார்.

அப்பாவிடம் அந்தக் குழாயைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை.

அவருக்கு உண்மையில் நம்பிக்கை வந்தது இறாலில். எங்கள் பக்கம் முத்துப்பேட்டை வரைக்கும் வனாமி இறால் குட்டைகள் நிறைய வந்துவிட்டன. அப்பாவுக்கு அவற்றின்மேல் தீராத கோபம்; உப்பு பக்கத்து வயலுக்கு ஏறுகிறது என்பார், அதில் நியாயமும் இருக்கிறது. இறாலால் கொலஸ்ட்ராலைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. இறால், நண்டு, பூச்சி எல்லாம் அந்த இனம்தான். சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. சவ்வுக்கும் வேண்டும், ஓடு உரித்து வளரத் தூண்டும் ஹார்மோனைச் செய்யவும் வேண்டும். மீன்தூளிலிருந்து கிடைப்பது போதாதபோது இறால் தீவனத்தில் கொலஸ்ட்ராலைத் தனியாக வாங்கிச் சேர்ப்பார்கள், கூடவே பாஸ்போலிப்பிடுக்காக சோயா லெசித்தினும். அந்தக் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு கம்பளி ஆட்டு ரோமத்திலிருக்கும் மெழுகிலிருந்து பிரித்து எடுப்பது. கோடையில் நம் வயலில் கிடை போட வருகிற ராமநாதபுரத்து ஆடு இல்லை, கம்பளி ஆடு.

“காசு குடுத்தா வாங்கிப் போடறான்?”

“ஆமாப்பா. விலையும் ஜாஸ்தி.”

“நான் சும்மாவே 243 வச்சிருக்கேன்” என்றார். ஐப்பசிக்குப் பிறகு அந்த எண்ணைச் சொல்லி அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

புகையானும் இதே வகை. சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் வயலில் வட்டம் வட்டமாகத் தீய்த்துவிட்டுப் போகிற அந்தக் கடுகளவுப் பூச்சி, நெற்பயிரின் சாற்றை மட்டும் குடித்து வாழ்கிறது. அதற்கு வேண்டிய ஸ்டெராலை, அதாவது கொலஸ்ட்ரால் இனத்துப் பொருளை, செய்துதர உடம்புக்குள்ளேயே ஈஸ்ட் போன்ற பூஞ்சைகளைக் குடிவைத்திருக்கிறது. முட்டை வழியாகப் பிள்ளைகளுக்கும் அந்தக் குடித்தனக்காரர்களைக் கொடுத்துவிடுகிறது. நெல்லுக்கும் சவ்வு உண்டு, அங்கே இதே வேலையைச் செய்வது சிட்டோஸ்டெரால் முதலான உறவுக்காரர்கள், பூஞ்சைகளிடம் எர்கோஸ்டெரால். பலகை ஏறக்குறைய ஒன்றுதான், வாலில் சின்ன வித்தியாசம்.

கூடினால் என்ன என்பதையும் சொல்லாவிட்டால் நான் அப்பாவை ஏமாற்றியவள் ஆவேன்.

மழையில் நடவு நடுகிறவர்கள் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருப்பார்கள். ஒரு கொங்காணிக்குள் அவசரத்துக்கு இன்னொருவர் நுழைந்துகொள்ளலாம். மூன்றாவது ஆள் நனைய வேண்டியதுதான். கொலஸ்ட்ராலின் தலை மிகச் சிறியது. தன் பலகையைத் தண்ணீரிலிருந்து மறைத்துக்கொள்ளத் தன்னிடம் கொங்காணி கிடையாது. பக்கத்துப் பாஸ்போலிப்பிடின் பெரிய தலைக்குக் கீழேதான் ஒதுங்கியாக வேண்டும். 1999-இல் ஹுவாங்கும் ஃபீகன்சனும் இதைக் குடை என்றே சொன்னார்கள். ஒரு பாஸ்போலிப்பிட் குடைக்கு இரண்டு கொலஸ்ட்ரால் என்பது மேல் எல்லை. அதையும் தாண்டினால் சவ்வில் இடமில்லை. தனியே விழுந்து படிகமாகும். நுண்ணோக்கியில் மூலை உடைந்த கண்ணாடித் தகடு மாதிரித் தெரியும். பித்தப்பைக் கல்லில் இருப்பது அந்தத் தகடு. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கறையைப் பிளந்தாலும் அந்தத் தகடு.

எல்லை வரை போகவே வேண்டாம், அதற்கு முன்பே கெடுதல் உண்டு. என் சித்தப்பா ஒருவர் குடித்தே கல்லீரலைக் கெடுத்துக்கொண்டார். கடைசி மாதங்களில் ரத்தம் ஏற்ற ஏற்ற நிற்கவில்லை. அவருடைய ரத்தப் பூச்சை நான் கேட்டு வாங்கி நுண்ணோக்கியில் பார்த்தேன். வட்டமாக, நடுவில் குழிந்து, பணியாரம் மாதிரி இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் நெருஞ்சிக்காய் மாதிரி முள்முள்ளாக நின்றன. கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் கொழுப்பு சுமக்கும் துகள்கள் கோணலாகி, சிவப்பணுச் சவ்வில் கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும். சவ்வு விறைக்கும். எட்டு மைக்ரான் அகலமுள்ள அணு, மண்ணீரலின் ஒரு மைக்ரான் இடுக்கில் நெளிந்து போக வேண்டியது. விறைத்தது போகாது. அங்கேயே மாட்டிச் சாகும். 120 நாள் வாழவேண்டியது சில நாளில் முடியும்.

சித்தப்பாவின் பரிசோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் குறைவு. மேல்நோக்கி அம்புக்குறியே இல்லை. தாளில் இருக்கும் எண் ரத்தத்தில் படகேறிப் போய்க்கொண்டிருப்பதன் கணக்கு. உடம்பின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி கரையில், சவ்வுகளில் இருக்கிறது. இரண்டும் தொடர்புள்ளவைதான், ஆனால் ஒன்று இல்லை. படகுகளில் கூட்டம் வருடக்கணக்கில் அதிகமாகவே இருந்தால் அது ரத்தக்குழாய்ச் சுவருக்குள் இறங்கும்; அப்பாவின் டாக்டர் பயப்படுவது அதற்கு. நானும் அதற்குப் பயப்படுகிறேன்.

அதனால் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றேன். அது சவ்விலிருந்து எதையும் வழித்து எடுப்பதில்லை. செல்லின் வெளிச்சவ்வில் லிப்பிட்களில் மூன்றில் ஒரு பங்கு போலக் கொலஸ்ட்ரால். உள்ளே அதைத் தயாரிக்கிற அகச்சவ்வு வலையிலோ வெறும் ஐந்து சதவீதம். அந்த ஐந்தைத்தான் செல் மதகு மாதிரி வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால், கொலஸ்ட்ராலைத் தயாரிக்கவும், வெளியே போகும் படகுகளைப் பிடித்து இழுக்கவும் ஆணை போகும். மாத்திரை கல்லீரலில் தயாரிப்பைக் குறைக்கிறது. கல்லீரல் செல் பற்றாக்குறை என்று நினைத்துக்கொண்டு ரத்தத்திலிருந்து இழுக்கிறது. படகைப் பிடிக்கும் கொக்கியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மாத்திரைக் குடும்பத்தின் முதல் மூலக்கூறை 1970-களில் தேடிப் பிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, கடைசியில் அகப்பட்டது கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த பூஞ்சை. அரிசியில் பூஞ்சை பிடித்தால் கோழிக்குப் போடத்தான் நமக்குத் தெரியும்.

“நம்ம அரிசியா?” என்றார் அப்பா.

“ஜப்பான் அரிசி.”

“எந்த ஊரா இருந்தா என்ன, அரிசிதானே” என்று மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் வயலைச் சுற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். எண்ணெய்ப் புட்டி வெயிலில் இருந்தது. அம்மா இந்த வருஷம் விளக்கெண்ணெய் விட மறந்துவிட்டாராம். அம்மா எனக்காக அவித்திருந்த முட்டையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். அப்பா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த எறால் தீவனத்துல இன்னொண்ணும் போடுவான்னியே. பேரு என்ன?”

“லெசித்தின். பாஸ்போலிப்பிட். முட்டை மஞ்சக்கருலேந்துதான் மொதல்ல எடுத்தாங்க. பேரே மஞ்சக்கருங்கற கிரேக்கச் சொல்லுதான்.”

“கொலஸ்ட்ராலும் மஞ்சக்கருலதான?”

“அதுவும் அங்கதான்.”

“ரெண்டும் ஒரே எடத்துலயா” என்றார். பூக்கூடையிலிருந்து ஒரு நூலை உருவி, முட்டையைச் சுற்றி, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுத்தார். சுத்தமாக இரண்டாக விழுந்தது. ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மற்ற பாதியைத் தட்டோடு என் பக்கம் தள்ளினார்.

“வாரத்துக்கு மூணுன்னாரு டாக்டரு” என்றார் அம்மாவிடம். “இன்னும் ரெண்டரை பாக்கி.”